நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்தவும்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை வைத்திருக்கிறேன். லேபிள் டிசைன் செய்வதுதான் தொழில். ஊறுகாய், அப்பளம், சாம்பார் பொடி, ஊதுபத்தி, விபூதி, கற்பூரம், நன்னாரி சர்பத் எல்லாவற்றுக்கும் செய்வேன். மாட வீதியில் நீங்கள் ஏதாவது வாங்கியிருந்தால் என் கைவேலையைக் கிழித்துத்தான் திறந்திருப்பீர்கள்.

எனக்கு ஒரு பெருமை உண்டு. கடை திறந்த நாளிலிருந்து என் லேபிளில் ஒரு தவறுகூட அச்சேறியதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றேனா? கடை போர்டிலேயே பெயருக்குக் கீழே ‘இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிழையற்ற லேபிள்’ என்று எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயிண்டரைக் கூப்பிட்டு அந்த எண்ணை மட்டும் மாற்றுவேன். யார் வந்தாலும் அந்தப் போர்டைக் காட்டி அரை மணி நேரம் பீற்றிக்கொள்ளாமல் அனுப்பமாட்டேன். என் கடையில் ஒரு டிடிபி ஆபரேட்டர் அம்மா இருக்கிறார். கடை திறந்த மூன்றாம் மாதத்திலிருந்து கூடவே இருப்பவர், என் வயதுதான். நான் ஆரம்பித்ததுமே அவர் எழுந்து குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவார்.

அந்த வருடம் ஆவணியில் ஒரு பெண் வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும், அடையாறில் வீடு. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கணவரோடு சேர்ந்து புதுச்சேரியில் சின்னதாக ஒரு பீர் ஆலை தொடங்கியிருப்பதாகச் சொன்னார். முதல் தடவையாக அறுநூறு டின் நிரப்பப் போகிறார்களாம். அதற்கு லேபிள் வேண்டும். உங்கள் சாம்பார் பொடி லேபிளைப் பார்த்துத்தான் வந்தேன், நம்ம ஊர்க் களை இருக்கிறது என்றார். அதைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நான் பீர் குடித்ததில்லை. கையில் தொட்டதுகூட இல்லை. அது ஒரு தடையாக எனக்குத் தோன்றவே இல்லை. விபூதி லேபிள் செய்கிறவன் சந்நியாசியாகவா இருக்கவேண்டும்?

அந்தப் பெண் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். போட்ட பணம் அவ்வளவும் அந்த அறுநூறு டின்னில் இருந்தது. புதுச்சேரியில் ஆலைக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து. அங்கே ஓர் ஓட்டல்காரர் வருகிறார், நாலைந்து இடத்தில் ஓட்டல் வைத்திருப்பவர். “அவர் சரின்னா அடுத்த பேட்ச் போடுவோம் அங்கிள். வேணாம்னுட்டா நான் திங்கட்கிழமை பழைய வேலைக்கு அப்ளை பண்ணணும்.” அங்கிள் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது கோபம் வரவில்லை.

முன்பக்கத்துக்குத்தான் பாடுபட்டோம். முதலில் நான் போட்டது சூரியக் கதிர்களுக்கு நடுவே ஒரு தாமரை. ஊதுபத்தி மாதிரி இருக்கிறது என்றார். அடுத்து, பச்சையும் சிவப்புமாகக் கொடிகள் பின்னிய வளையம் ஒன்று போட்டேன். அதைப் பார்த்தால் மாங்காய்த் தொக்கு ஞாபகம் வருகிறது என்றார். எனக்குச் சுருக்கென்றது. கடைசியில் எங்கள் ஆபரேட்டர் அம்மாதான் வழி சொன்னார். கடை வாசலில் தினமும் ஒரு காக்கா வந்து, தலையைச் சாய்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்று வேவு பார்க்கும். அதையே போட்டால் என்ன என்றார். போட்டோம். அந்தப் பெண் கைதட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் அது காக்கா பீர்.

பின்பக்கம் என் இலாகா. பொடி எழுத்தில் இருக்கும் எடை, அளவு, எச்சரிக்கை, முகவரி எல்லாவற்றையும் நான்தான் பார்ப்பேன், மூன்று முறை படிப்பேன். ஆனால் எங்கள் தொழிலில் யாரும் வெற்றுப் பக்கத்தில் ஆரம்பிப்பதில்லை. பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, வேறு பெயரில் சேவ் செய்து, ஒவ்வொரு வரியாக மாற்றிக்கொண்டே வருவோம். பொடிக்குப் பழைய பொடி, ஊறுகாய்க்குப் பழைய ஊறுகாய். பீருக்கு முன்னோர்கள் யாரும் எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. இருந்ததில் நெருங்கிய சொந்தம் நன்னாரி சர்பத்துதான். அதுவும் குடிப்பது, இதுவும் குடிப்பது. அதையே திறந்தேன்.

நன்னாரி வேரை நீக்கினேன், சர்க்கரையை நீக்கினேன், பார்லியையும் தண்ணீரையும் சேர்த்தேன். மதுவின் அளவு, குடிக்கு எதிரான எச்சரிக்கை எல்லாம் அந்தப் பெண் எழுதிக் கொடுத்தபடி போட்டேன். கடைசியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வாக்கியங்கள் மிஞ்சியிருந்தன. ‘வெயில் படாத இடத்தில் வைக்கவும். நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்தவும்.’ படித்தேன், நியாயமாகப் பட்டது, விட்டுவிட்டேன்.

ஆபரேட்டர் அம்மா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே, “இதையும் குலுக்கணுமா சார்?” என்று கேட்டார்.

நான் அவருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். திரவம் என்று இருந்தால் அடியில் தங்கத்தான் செய்யும், மருந்தைக் குலுக்குகிறோம், சர்பத்தைக் குலுக்குகிறோம், மோரைக்கூடக் கலக்கித்தான் குடிக்கிறோம், இருபத்திரண்டு வருஷமாகப் பின்பக்கம் பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்றேன். அவர் சரி சார் என்று சொல்லிவிட்டுக் குடத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

புரூஃப் பார்க்க அந்தப் பெண் வந்தபோது, வழக்கமான அரை மணி நேரம் போர்டைப் பற்றிச் சொன்னேன். மது அளவு சரியாக இருக்கிறதா என்று, அதிகாரிகளுக்குப் பயந்து, அவர் மூன்று தடவை பார்த்தார். காக்காவின் மூக்கைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். கீழே ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசி வரியை அவர் பார்க்கவே இல்லை. சாமான் வாங்கும்போது நீங்களும் நானும் மட்டும் பார்க்கிறோமா என்ன? லேபிள் நல்ல பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சாகி, சுருள் சுருளாகப் புதுச்சேரிக்குப் பார்சலில் போயிற்று.

விருந்துக்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலை. எங்கள் லேபிள் சுருள்களைப் பார்சல் ஆபீசுக்குக் கொண்டுபோகும் ஆட்டோக்காரர் வந்தார். நொச்சிக்குப்பத்துக்காரர், வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். என் மேஜைமேல் ஒரு காலி டின்னில் காக்கா லேபிளை ஒட்டி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்திருந்தேன். அவர் அதை ஆசையாகக் கையில் எடுத்தார். எடை இல்லை என்றதும் முகம் விழுந்துவிட்டது. சும்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“இன்னா சார், பீரை குலுக்கி குடிக்க சொல்லி எழ்திகீறீங்க?”

ஆமாம், அதற்கென்ன என்றேன்.

“மூஞ்சிலதான் சார் குடிக்கணும்.”

இவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் சொல்ல முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் டின்னை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தேன். ஆனால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. சோடாவுக்கு அப்படி நடக்கும், தெரியும், பீருக்கும் அப்படித்தான் என்று என்ன நிச்சயம், கண்ணால் பார்க்காமல் நான் எதையும் ஒப்புக்கொள்கிறவன் இல்லை என்றேன். பார்த்துட்டா போச்சு என்று என்னிடமே காசு வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறந்ததும் ஒரு டின் பீர் வாங்கி, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார்.

இதை வெளியில் வைத்துச் செய்யலாமா? மாட வீதிப் பக்கம் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. அதனால் கடைக்குள்ளேயே செய்தேன். சர்பத்துக்கு எப்படிக் குலுக்குவோமோ அப்படி, மேலும் கீழுமாகப் பத்துத் தடவை குலுக்கினேன். பிறகு திறந்தேன்.

சத்தம் கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அது நேரே மேலே போயிற்று. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததை நான் யோசிக்கவில்லை. ஃபேன் அதை வாங்கிக் கடை முழுக்கச் சமமாகப் பங்கிட்டது. காலண்டர் முருகனிலிருந்து கால் மிதியடி வரை ஒன்றையும் விடவில்லை. ஆபரேட்டர் அம்மா முந்தானையால் கீபோர்டை மூடியதால் அது ஒன்று பிழைத்தது. ஆட்டோக்காரர் எனக்கு முன்பே வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டிருந்தார். அனுபவசாலி.

அந்த நேரம் பார்த்து விபூதிப் பொட்டல லேபிளுக்காக ஒரு குருக்கள் வந்தார். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார். “என்ன, பெயிண்ட் தின்னர் கொட்டிண்டுடுத்தா?” என்று அவரே கேட்டார். ஆமாம் என்றேன். என் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஜாக்கிரதை, பத்திண்டுடும் என்று எச்சரித்துவிட்டு, சாயந்திரம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். அன்று குளிக்க வீட்டுக்குப் போனபோது என் மனைவியிடம் நான் பட்டதை இங்கே எழுதுவதாக இல்லை.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும்தான் விஷயம் உறைத்தது. அறுநூறு டின். நாளை மதியம் விருந்து. அதில் ஒரே ஒருவர் லேபிளை மதித்துக் குலுக்கினால் போதும். ஓட்டல்காரர் குலுக்கவேண்டிய அவசியமே இல்லை. பீரைக் குலுக்கச் சொல்கிற ஆலையில் யார் பீர் வாங்குவார்கள்? அந்தப் பெண்ணுக்கு ஐந்து தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஓர் அற்பத்தனத்தையும் சொல்லிவிடவேண்டும். டிராயரைத் திறந்து, அந்தப் பெண் ‘ஓகே’ எழுதிக் கையெழுத்துப் போட்ட புரூஃப் காகிதத்தை எடுத்தேன். எங்கள் தொழிலில் இது ஒரு சட்டம். பார்ட்டி கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்குமேல் தவறு பார்ட்டியுடையது. அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. ஆபரேட்டர் அம்மா பார்த்தார்.

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. தவறான வரியை மறைக்கிற அளவுக்குப் பொடி ஸ்டிக்கர் அடித்து, நேரில் போய் ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அதில் என்ன எழுதுவது என்று குழம்பியபோது, ‘சில்லென்று பரிமாறவும்’ என்று போடலாம் என்றார் ஆபரேட்டர் அம்மா. பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கையிருப்பு இல்லை. கடையில் இருந்த சாதாரணக் காகித ஸ்டிக்கரில், கிழிந்தால் இருக்கட்டும் என்று நூறு கூடச் சேர்த்து, எழுநூறு அடித்தோம். ஒரு நாள் தாங்கினால் போதும் என்று சொன்னதும் நான்தான்.

ஞாயிறு விடிந்ததும் ஆட்டோக்காரர் எங்கள் இருவரையும் திருவான்மியூரில் கொண்டுபோய்ப் புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். எழுநூறை நீங்கள் ஒருத்தராக எப்படி ஒட்டுவீர்கள் என்று ஆபரேட்டர் அம்மாவும் கூடவே கிளம்பியிருந்தார். ஆட்டோக்காரர் ஜன்னல் பக்கம் வந்து, “அங்க போயும் குலுக்கி பாத்துகினு இருக்காத சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

ஆலைக்குப் பின்கட்டில் ஓர் அறை. கதவைத் தள்ளினால், தரை முழுக்க டின்கள், நடுவில் அந்தப் பெண் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கறுப்பு மார்க்கர் பேனா, பத்து விரலிலும் மை. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டின்னை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். நான் ஸ்டிக்கர் பையை என் முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்று ஒரு பொய் சொன்னேன். நல்ல வேளை வந்தீங்க, எல்லாம் பிரமாதமா இருக்கு அங்கிள் என்று அவர் ஒரு பொய் சொன்னார். ஆபரேட்டர் அம்மாதான் பொறுமை இழந்து, என் கையிலிருந்த பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார்.

அந்தப் பெண் வியாழக்கிழமையே பார்த்துவிட்டாராம். அறுநூறும் ஒட்டி முடித்த பிறகு, ஒரு டின்னைக் கையில் வைத்து ரசித்தபோது கண்ணில் பட்டதாம். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து, ஒட்டினது சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு டின்னாக அந்த வரியைக் கறுப்படித்துக்கொண்டிருக்கிறார். பாதிகூட முடியவில்லை. ஏம்மா, எனக்கு ஒரு போன் செய்திருக்கக் கூடாதா, நான் கூப்பிட்டபோதாவது எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“எப்படி அங்கிள் சொல்றது? இருபத்திரண்டு வருஷமா ஒரு தப்புகூட வந்ததில்லைன்னு அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா சொன்னீங்க. என் லேபிளாலதான் அது போச்சுன்னு எப்படிச் சொல்வேன்?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தன் பிழைப்பே ஊசலாடும்போது, அந்தப் பெண் என் போர்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். சட்டைப்பையில் இருந்த காகிதம் நெஞ்சில் குத்தியது. வெட்கமாக இருந்தது.

மூன்று பேரும் உட்கார்ந்து மளமளவென்று ஒட்டினோம். பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்தது. கணவர் வந்து டின்களை எடுத்துப் போனார். தோட்டத்தில் ஷாமியானா, மேஜைகள், நல்ல கூட்டம். எனக்கு ஒரு மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். அப்பாடா என்று இருந்தது.

ஓட்டல்காரர் வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, ஒல்லியான, சிரிக்காத மனிதர். அவரைப் பார்த்ததும் ஷாமியானாவில் சத்தம் குறைந்தது. நான் டின்கள் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். இரண்டு பெரிய தொட்டிகள் நிறைய ஐஸைக் கொட்டி, அதற்குள் டின்களைக் கழுத்து வரை புதைத்து வைத்திருந்தார்கள். பீரை ஐஸில் போடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது. என் சர்பத் அலமாரியில்தான் இருக்கும்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். உருகிய ஐஸ் தண்ணீர் முழுக்கக் குட்டிக் குட்டிக் காகிதங்கள் மிதந்தன. ஒவ்வொன்றிலும் ‘சில்லென்று பரிமாறவும்’. சில்லென்று ஆனதும் அத்தனையும் கழன்றுவிட்டன. அந்தப் பெண் மார்க்கரில் அடித்த கறுப்பு மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.  கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, மிதக்கிறதை எல்லாம் வாரினேன். ஆபரேட்டர் அம்மா அடுத்த தொட்டியில் வாரினார். நிமிர்ந்து பார்த்தால், ஓட்டல்காரர் எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் குனிந்து, மார்க்கர் படாத டின் ஒன்றை எடுத்தார். காக்காவைப் பார்த்தார். திருப்பினார். பின்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை, ஒரு வரி விடாமல் படித்தார். உலகத்தில் என்னைத் தவிர பின்பக்கம் படிக்கிற இன்னொரு ஆள் இவர்தான் போலிருக்கிறது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, மறுபடியும் படித்தார். யார் எழுதினது இது என்று கேட்டார்.

அந்தப் பெண் முன்னால் வந்துவிட்டார். “என் தப்பு சார். புரூஃப்ல ஓகே போட்டுக் கையெழுத்துப் போட்டது நான்தான்.”

என் ஈரக்கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிருந்தது. காகிதம் விரலில் தட்டுப்பட்டது. அதை எடுத்துக் காட்டக்கூட வேண்டாம், சும்மா நின்றாலே போதும், போர்டு பிழைத்துவிடும். அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மை படிந்த விரல்களை மடக்கிக்கொண்டு நின்றார். நான் கையை வெளியே எடுத்துவிட்டேன்.

“இல்ல சார். அது சர்பத் லேபிள்ல இருந்த வரி. மாத்தாம விட்டது நான். தப்பு என்னுது.”

சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஓட்டல்காரர் என்னை, என் வேட்டியை, முழங்கை வரை நனைந்த சட்டையை, கையில் இருந்த காகிதக் குப்பையைப் பார்த்தார்.

“நீங்க பீர் குடிக்கிறதில்லையா?”

“இல்ல சார்.”

“தெரியுது.”

அவ்வளவுதான். டின்னைக் கொஞ்சம்கூட அசைக்காமல் மேஜைமேல் வைத்துத் திறந்தார். கிளாஸில் ஊற்றி, முகர்ந்து பார்த்து, ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு கிளாஸ் காலியாகும் வரை குடித்தார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மாசத்துக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவர் அழ ஆரம்பித்துவிட்டதால், கணவர் பதில் சொன்னார். போகும்போது ஓட்டல்காரர் என் பக்கம் திரும்பி, அடுத்த பேட்சில் காக்கா இருக்கட்டும், சர்பத் வேண்டாம் என்றார்.

சாயந்திர பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. லேசானதும் பழைய குணம் தலைதூக்கிவிட்டது. பார்த்தீர்களா, இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தவறு, அதையும் நாலு பேர் நடுவில் ஒத்துக்கொண்டேன் என்று ஆபரேட்டர் அம்மாவிடம் ஆரம்பித்தேன். பஸ்ஸில் குடம் கிடையாது, எழுந்து போக முடியாது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். விபூதிப் பாக்கெட்டில் ‘திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைக்கவும்’ என்று விட்டிருந்தேனாம். கற்பூரத்தில் ‘ஈரமில்லாத கரண்டியைப் பயன்படுத்தவும்’. ஊதுபத்தியில் ‘சுவைக்கேற்ப உப்பு சேர்த்துக்கொள்ளவும்’. அப்பளத்துக்கு ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று ஒரு தடவை. எல்லாம் மூன்று முறை படித்து நான் ஓகே சொன்னவை. ஃபைல் அச்சகத்துக்குப் போகுமுன் இவர் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார். தப்பித்தவறி இவர் கண்ணில் படாமல் போனால், அச்சகத்துக்காரர் எனக்குப் போன் செய்யாமல் இவருக்குச் செய்வார்.

“பிரஸ்ல எல்லாருக்கும் தெரியும் சார். உங்களுக்குத்தான் தெரியாது.”

ஏன் என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். 

“சொன்னா உங்க முகம் வாடிடும் சார். ரெண்டு நாளைக்கு யார்கிட்டயும் பேசமாட்டீங்க. அந்த ரெண்டு நாள் வேலையை யார் பார்க்கறது?”

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. கடையில் காகிதம் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “பீர் விஷயம் எனக்கும் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா நானே மாத்தியிருப்பேன். தெரியாததாலதான் உங்ககிட்ட கேட்டேன்” என்றார். அத்தனை வருஷத்தில் வாயைத் திறந்து அவர் என்னிடம் சந்தேகம் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்கு நான் மோரைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறேன். திருவான்மியூர் வரும் வரை எனக்குப் பேச நா எழவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருக்கப் போகிறேன் என்று அவர் நினைத்துவிடுவாரே என்று பயந்து, இறங்கியதும் ஒரு காபி வாங்கிக் கொடுத்து, நன்றி என்று சொன்னேன். அதையும் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

அடுத்த பொங்கலுக்குப் பெயிண்டர் வழக்கம்போல ஏணியோடு வந்து, இருபத்துமூன்று ஆக்கிவிடவா என்று கேட்டார். அந்த வரியையே அழித்துவிடச் சொன்னேன். அங்கே வேறு என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, உள்ளேயிருந்து ஆபரேட்டர் அம்மா, காலியாகவே இருக்கட்டும் என்று குரல் கொடுத்தார். இப்போது பின்பக்கத்தை நான் படித்ததும் அவர் படிக்கிறார், ஆட்டோக்காரர் வந்தால் அவரும் படிக்கிறார், யாராவது தப்பு கண்டுபிடித்தால் எனக்கு இன்னமும் முகம் சுருங்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் மேஜைமேல் இருக்கும் அந்தக் காலி டின்னைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். என் முகம் வாடக்கூடாது என்பதற்காக எத்தனை பேர் எத்தனை வருஷம் எனக்குப் பின்னால் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தேதான் வருகின்றன.